மாட்டுங்காவும் மாரிகுப்பமும்

நம் சங்கக் கூட்டங்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் வரும்போதெல்லாம் "நம்மவர்" என்று ஒரு பெருமிதம் எழுவதைக் கவனித்திருக்கிறேன். நியாயமான பெருமிதம்தான். ஆனால் அவருடைய குடும்பப் பின்னணியை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதையைச் சொன்னதாகத்தான் ஆகும். மீதிப் பாதியை எனக்குப் புரிய வைத்தது நான் பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயல். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பங்காரப்பேட்டையில் வண்டி மாறினால் ரயில் மாரிகுப்பத்தோடு நின்றுவிடும். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கம் நடத்த வந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. அந்தப் பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த தாழ்த்தப்பட்ட வகுப்பினர். மேலே ஆபீசில் கணக்கு எழுதியவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். அவர்களுக்கு லைன் வீடுகள். எங்களுக்குத் திண்ணை வைத்த வீடு. சங்கு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

லைன் பையன்களுக்குச் சுரங்கத்தை விட்டால் இன்னொரு வழி பட்டாளம். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கம்பெனி காலத்தில் சென்னைப் படையிலும் பம்பாய்ப் படையிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஏராளமாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் "போர்க்குடி" என்றொரு கொள்கையை வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு, வடக்கே சில இனத்தார்தான் சண்டைக்கு ஏற்றவர்கள் என்று தீர்மானித்தார்கள். தென்னாட்டுப் பட்டாளங்கள் பல கலைக்கப்பட்டன. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் முகாமிட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் மட்டும் விடாமல் தமிழர்களை எடுத்துக்கொண்டு வந்தது. இரண்டு உலகப் போர்களிலும் அவர்கள் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள், கண்ணிவெடி அகற்றினார்கள்.

என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் ஒருவன் அந்தச் சாப்பர்ஸில் சேர்ந்தான். அவன் பாட்டனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். தகப்பனார் சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் இறங்கி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். அவர்கள் வீட்டுச் சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும். அம்பேத்கர் 1954இல் தங்கவயலுக்கு வந்தபோது எட்ட நின்று பார்த்ததாக அவன் தகப்பனார் சொல்வார்.

1971 டிசம்பர் யுத்தத்தின்போது ஒரு நாள் காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் தந்தி. இங்கிலீஷில் இருந்ததால் என் தகப்பனாரிடம் படிக்கச் சொல்லக் கொண்டுவந்திருந்தார். அப்பா திண்ணையில் நின்றபடி படித்தார். தெருவில் நின்றபடி அவர் கேட்டார். படித்து முடித்ததும் அப்பாவுக்குக் கை நடுங்கியது. "உள்ளே வாங்கோ, உட்காருங்கோ" என்றார். எனக்குத் தெரிந்து அவரை எங்கள் வீட்டில் யாரும் உள்ளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வேணாம் சாமி, வீட்டுல சொல்லணும்" என்று தந்தியை வாங்கி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் நானும் ராணுவ ஆபீசர் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். "பட்டாளம் நம்மாத்துக்கு ஒத்து வராதுடா, பாங்க் பரீட்சை எழுது" என்றார் அப்பா. எழுதினேன். முப்பத்தைந்து வருஷம் பாங்கில் ஓடிற்று.

இனி பரமேஸ்வரனின் கதைக்கு வருவோம். 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். தகப்பனார் கே.எஸ். ராமசாமி, தாயார் ஜானகி. படித்தது எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியிலும் கல்லூரியிலும். வேலை தேடி பம்பாய் போன நம் தென்னாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1932இல் மாட்டுங்காவில் தோன்றிய கல்விச் சங்கம் அது. அந்தச் சூழலில் பட்டம் வாங்கிய பிள்ளை அடுத்து என்ன செய்வான் என்று நம் எல்லாருக்கும் தெரியும். இவர் சென்னை பரங்கிமலைக்கு வந்து ஆபீசர் பயிற்சி பெற்று, 1972 ஜூனில் மகார் ரெஜிமெண்டில் சேர்ந்தார்.

1987இல் இந்திய அமைதிப் படையோடு 8ஆவது மகார் படைப்பிரிவில் யாழ்ப்பாணம் போனார். நவம்பர் 25 அன்று தேடுதல் முடிந்து இரவில் திரும்பும்போது கந்தரோடை அருகே பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். அவர் பின்பக்கமாக வளைத்துக்கொண்டு போய்ப் பாய்ந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பட்டது. சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். உயிர் பிரியும்வரை தம் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். வயது 41. அந்தப் போரில் இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர் மாண்டார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பொதுமக்களும் ஏராளமாக மாண்டார்கள். தமிழ் பேசும் ஒருவர் தமிழ் மண்ணிலேயே விழுந்தார் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

அவர் சேர்ந்த ரெஜிமெண்டின் சரித்திரத்தையும் நாம் அறிய வேண்டும். போர்க்குடிக் கொள்கையால் மகார்களுக்கும் பட்டாளத்தின் கதவு சாத்தப்பட்டது. அம்பேத்கரின் தகப்பனாரே ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். மகார்களுக்கென ஒரு ரெஜிமெண்ட் வேண்டுமென்று அம்பேத்கர் வற்புறுத்தினார். 1941 அக்டோபரில் பெல்காமில் அது உருவாயிற்று. பிற்காலத்தில் எல்லாப் பிரிவினரும் அதில் சேர்ந்தார்கள். 1987இல் தரைப்படைத் தலைவராக இருந்த, செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜியும் அதே மகார் ரெஜிமெண்ட்காரர்தான். முன்னோர் எட்ட நிறுத்தி வைத்தவர்களின் பெயரைத் தோளில் அணிந்து, அவர்களோடு ஒரே பள்ளத்தில் படுத்து, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார் மாட்டுங்கா பள்ளியில் படித்த அந்தப் பிள்ளை. மாட்டுங்கா அவர் பின்னணி என்றால் மகாரும் அவர் பின்னணிதான்.

பரம்வீர் சக்ரா செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "மகார்னா என்னடா?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கு அவரை வந்த உடனேயே உள்ளே கூப்பிட்டிருக்கணும்டா" என்றார். எவரை என்று நான் கேட்கவில்லை.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்குப் பரமேஸ்வரனின் பெயரை வைத்தார்கள். என் நண்பனின் பெயர் அவன் வீட்டாருக்கும், எங்களைப் போன்ற சிலருக்கும்தான் தெரியும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ, நீங்கள் வளர்ந்த தெருவிலோ யுத்தத்தில் உயிர் நீத்தவர் யாரேனும் இருந்தால் எழுதி வையுங்கள். பெற்றோர் யார், எந்த ஊர், என்ன படிப்பு என்பதோடு நிற்க வேண்டாம். அவர் யாரோடு நின்றார், யாருக்காக நின்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.