அரிப்பில் ஓர் அரசியின் வீடு

அமெரிக்க எழுத்தாளர் ஷேர்லி ஜக்சன் 1959இல் வெளியிட்ட 'த ஹோன்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' பேய்வீட்டு நாவல்களுள் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது. அதில் உலவும் பேய் இன்னதென்று ஆசிரியர் எங்கும் தெளிவாகக் காட்டுவதில்லை. இரவில் கதவு தட்டப்படும் ஓசை, காரணமற்ற குளிர், சுவரில் எழுதப்பட்ட ஒரு பெயர், அவ்வளவே. அந்நாவலை நினைக்குந்தோறும் எனது மனம் மன்னார்ப் பெருநிலத்தின் அரிப்புக் கடற்கரைக்கே செல்கிறது.

அங்கே கடலை நோக்கியபடி கூரையற்ற மாளிகையொன்று சிதைந்து நிற்கிறது. இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் (1798-1805), முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்கெனக் கட்டுவித்தது அது. கிரேக்கரின் டொரிக் பாணித் தூண்களால் 'டொரிக்' எனப் பெயர்பெற்றது. இங்கு தங்கியிருந்த ஜேம்ஸ் கோர்டினர் என்னும் பாதிரியார் 1807இல் வெளியிட்ட தமது நூலில் அதன் அழகை வியந்து எழுதியுள்ளார்.

அன்று முத்துக்குளிப்புக் காலத்தில் இக்கரையில் பல்லாயிரவர் கூடினர். அவர்களுக்கென எழுந்த ஓலைக் குடிசை நகரம் பருவம் முடிந்ததும் மறைந்துவிட்டது. 1906இல் மறிச்சுக்கட்டியில் கடமையாற்றிய லெனார்ட் வூல்ஃப் இக்காட்சியைத் தமது சுயசரிதையில் விவரித்துள்ளார். கடலில் மூழ்கியோருக்குக் குடிசை. மேற்பார்வை செய்தவருக்கு மாளிகை.

ஆயினும் ஊரார் இதனைத் தேசாதிபதியின் பெயரால் அழைப்பதில்லை. அவர்களுக்கு அது 'அல்லிராணி கோட்டை'. தெற்கேயுள்ள குதிரைமலையிலிருந்து ஆண்டதாக ஐதிகம் கூறும் அல்லி அரசியை அவர்கள் இங்கே குடியமர்த்திவிட்டனர். வரலாற்றின்படி இது பிழை. எனினும் அந்நியனின் வீட்டைத் தமதாக்கிக்கொள்ள மக்கள் கண்ட வழி இதுவென்றே நான் கருதுகிறேன்.

ஜக்சனின் நாவலில் எலினோர் என்பவள் தனக்கென ஒரு வீடில்லாதவள். அந்தப் பொல்லாத வீடே தன்னை அழைப்பதாக நம்பி அதனுடன் ஒன்றிப்போகிறாள். அவளது அச்சத்தைவிட அவளது ஏக்கமே நம்மை அந்நாவலில் கட்டிப்போடுகிறது. ஆளற்ற வீட்டின் பயங்கரமும் அதுதான்: யாரோ வாழ்ந்திருக்க வேண்டிய இடம் அது.

இதனை மன்னார் மக்களுக்கு எவரும் நாவல் எழுதி விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இக்கரையோர ஊர்களும் வெறுமையாயின. போர் பிற்காலத்தில் தமிழரையும் ஊரூராக அலையவைத்தது. மீண்டு வந்தோர் பலர் கண்டது கூரையற்ற சுவர்களையே. அவற்றுக்கு எந்த அரசியின் பெயரும் கிடைக்கவில்லை.

டொரிக் மாளிகையைக் கடலரிப்பு சிறிது சிறிதாக விழுங்குகிறது. அதன் சுவர்களைக் காப்பது தேசாதிபதிக்குச் செய்யும் மரியாதையன்று. வீடிழந்தோர் தமது கற்பனையில் குடியேற்றிய அரசிக்கு இடமளிப்பதாகும்.