துண்டுச் சீட்டும் திறந்த உரிமமும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்துத் தனிப்பலகைக் கணினி பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்தின் வாழ்வில் கருவிகள் பெறும் இடத்தை ஆராய்வோர், அவை எப்பொழுது வந்தன என்னும் வினாவோடு நின்றுவிடுதல் போதாது. அவற்றை இயக்கும் அறிவு யாரிடம் இருந்தது, அவை காட்டிய அளவை யார் வாசித்தனர், வாசித்ததை யார் எழுதிவைத்தனர் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இலங்கையின் மலையகத் தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் தனி முக்கியத்துவம் வாய்ந்தவை. இயந்திரம் அங்கு முந்தி வந்தது; அதனை ஆளும் அறிவு அவ்வாறு வந்துசேரவில்லை. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையைக் கொண்டு இயங்கும் சின்னஞ்சிறு தனிப்பலகைக் கணினியை ஊவாவில் நிறுவுதல் பற்றிச் சிந்திப்போர் இந்தப் பின்னணியிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

கருவியும் கணக்கும்

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய பகுதிகளை அடக்கிய ஊவாத் தேயிலை நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உலகச் சந்தையுடன் பிணைக்கப்பட்டுவிட்டது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளையை அடுத்த டம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை விலைக்கு வாங்கினார். 1924இல் புகையிரதப் பாதை தெமோதரை வளைவைச் சுற்றிப் பதுளையை வந்தடைந்தது. ஆலைகளில் கொழுந்தை உருட்டவும் உலர்த்தவும் இயந்திரங்கள் இயங்கின. கொழுந்து மடுவத்தில் தராசு இருந்தது. துரையின் அலுவலகத்தை அடுத்து மழைமானி இருந்தது. ஆயினும் தராசின் முள்ளை வாசித்தவர் கணக்கப்பிள்ளை. முழுப்பேரா அரைப்பேரா என்பது செக்றோலில் எழுதப்பட்டபின்பே கொழுந்து பறித்தவளுக்குத் தெரியவந்தது. அவளுடைய நாளின் தொடக்கத்தைப் பிரட்டுத் தப்பு அறிவித்தது. அளவு, கணக்கு, நேரம் ஆகிய மூன்றும் அவள் வாழ்வை ஆண்டன. மூன்றும் பிறர் கையில் இருந்தன.

இந்நிலையின் மிகத் தெளிவான சான்று ‘துண்டு’ என வழங்கிய சீட்டாகும். ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளரின் கடன்தொகை அச்சீட்டில் குறிக்கப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தினாலன்றி அவர்களுக்கு விடுதலை இல்லை. செலுத்தியபின்னும் கடன் தீரவில்லை. அது அவர்களுடன் மலை மாறிச் சென்றது. எழுத்தறியும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களின் தலைவிதியைத் தீர்மானித்த எழுத்து அது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. எனினும் எழுத்துக்கும் தொழிலாளருக்கும் இடையிலிருந்த தூரம் உடனே குறையவில்லை. 1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனைப் பெறாது புறத்தே நின்றன. எழுபதுகளிலேதான் அவற்றை அரசு பொறுப்பேற்கும் பணி படிப்படியாக நிகழலாயிற்று.

உரிமம் என்னும் எழுத்து

எழுத்து மனிதரைக் கட்டவும் செய்யும், கட்டவிழ்க்கவும் செய்யும். கணினித் துறையில் இவ்விரண்டாவது வகைக்கு எடுத்துக்காட்டாக அமைந்தது குனூ பொது உரிமமாகும். 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்தறியவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் பயன்படுத்துவோர் யாவருக்கும் உரிமை உண்டென்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய லினக்ஸ் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் அதனைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். துண்டுச் சீட்டு தொழிலாளரைக் கடனோடு கைமாற்றியது. இவ்வுரிமமோ மென்பொருளை உரிமையோடு கைமாற்றுகின்றது. பெற்றவர் அதனை மேலும் வழங்கும்பொழுது அதே உரிமைகளைத் தடுக்கலாகாது என விதிக்கின்றது.

உரிமம் இலவசமாயினும் கணினி இலவசமன்று. இத்தடையை ஓரளவு தளர்த்தியது தனிப்பலகைக் கணினி. செயலி, நினைவகம், இணைப்பு வாயில்கள் ஆகிய யாவும் ஒரே சுற்றுப்பலகையில் அமைந்த கணினியே இப்பெயர் பெறும். இவற்றுள் பெயர்பெற்றது ராஸ்பெரி பை. கணினி விஞ்ஞானம் பயில வரும் மாணவரின் தொகையும் தேர்ச்சியும் குறைந்துவருவதைக் கண்ட கேம்பிரிட்ஜ் அறிஞர் சிலர் 2009இல் இதற்கென ஓர் அறநிலையத்தை நிறுவினர். 2012 பெப்ரவரி 29ஆம் நாள் வெளியான முதற் பலகை 700 மெகாஹேட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்டிருந்தது. விலை 35 டொலர். அதற்குரிய முறைமை டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலிலிருந்து உருவாக்கப்பட்டது. பலகையைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருளின் ஒரு பகுதி மூடுண்டதாகவே உள்ளது என்பதையும் மறைத்தலாகாது. திறந்த உரிமம் கருவியின் அடிவரை இன்னும் எட்டவில்லை.

இலங்கையும் தமிழும்

இவ்வியக்கத்தில் இலங்கை வெறும் நுகர்வோனாக இருக்கவில்லை. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரங்களை அழித்தபொழுது, இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றின் விவரங்களை ஒருங்கு திரட்டுதல் அதன் நோக்கம். இலங்கை மென்பொருள் மன்றத்தின் ஆதரவில் வளர்ந்த அது 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறநிலையம் சஹானாவுக்கே வழங்கியது. பேரிடரின்போது பிறர் ஆக்கிய கருவிக்காகக் காத்திராது, திறந்த மூலநிரலைக் கொண்டு தமக்கு வேண்டியதைத் தாமே ஆக்கலாம் என்பதை இந்நாட்டவர் உலகுக்குக் காட்டினர்.

தமிழுக்கும் இதே வழியிற் பணி நடைபெற்றது. 1991இல் வெளியான யூனிக்கோட் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. தொண்ணூறுகளின் இறுதி முதல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ்ந்த ஆர்வலர்கள் லினக்ஸின் திரைமுகங்களைத் தமிழாக்கத் தொடங்கினர். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு தமிழ் 99 விசைப்பலகையை வகுத்தது. இலங்கையில் வழங்கிவரும் ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கும் லினக்ஸின் உள்ளீட்டுத் தொகுதிகளில் இடம்பெற்றுள்ளது. மொழிச்சூழலைத் தெரிவுசெய்யும் பட்டியலில் இந்தியத் தமிழுக்கு ஒன்றும் இலங்கைத் தமிழுக்கு ஒன்றுமாக இரு வரிகள் உள்ளன. சிறு செய்தியே எனினும், குடியுரிமைக்காக 1948 முதல் பல பதின்ம ஆண்டுகள் காத்திருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு ‘தமிழ், இலங்கை’ என்னும் அவ்வரி பொருளற்றதன்று.

ஊவாவில் நிறுவுதல்

நிறுவும் முறை கடினமானதன்று. முறைமையின் பிரதியை வேறொரு கணினியின் துணையுடன் நினைவட்டையில் எழுதி, அட்டையைப் பலகையிற் செருகி, விசைப்பலகையையும் திரையையும் இணைத்து மின்னூட்டினால் கணினி எழும். அதன்பின் மொழி, நேரவலயம், விசைப்பலகை, கடவுச்சொல் ஆகியவற்றை அமைத்தல் வேண்டும். நூல்கள் கூறும் இவ்வொழுங்கைத் தோட்டப்புறத்துக்குக் கொண்டுவரும்பொழுது மூன்று இடர்கள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது நேரம். ராஸ்பெரி பையின் தொடக்ககாலப் பலகைகளில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் இல்லை. அவை இணையத்திலிருந்தே நேரத்தைப் பெறுகின்றன. இணையம் எட்டாத மலைச்சரிவில் மின்தடைக்குப்பின் எழும் பலகை, தான் இறுதியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். அவ்வாறாயின் அது எழுதும் பதிவுகளின் நாளும் நேரமும் பிழையாகும். மின்கலத்துடன் கூடிய தனிக் கடிகாரத் துணுக்கொன்றை இணைத்தல் இதற்குத் தீர்வு. நேரவலயத்தைக் கொழும்பு எனக் குறித்தல் வேண்டும். 1996இல் இருமுறை மாறி 2006 ஏப்ரிலில் ஐந்தரை மணிக்கு மீண்ட இலங்கை நேரத்தின் வரலாறு முழுவதும் அவ்வொரு சொல்லின் பின்னே முறைமையில் எழுதப்பட்டுள்ளது. தப்பொலியால் நேரமறிந்த இடத்தில், நேரத்தைத் தாமே அமைக்கும் நிலை ஒரு மாற்றமே.

இரண்டாவது மின்சாரம். எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின் அறுந்தால் நினைவட்டை சிதைவுறலாம். 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டது. முறைமை அமைந்த பகுதியை வாசிப்புக்கு மட்டும் உரியதாகப் பூட்டிவைத்துப் பதிவுகளை வேறிடத்தில் எழுதுமாறு அமைக்க லினக்ஸில் வழியுண்டு. ஐந்து வோல்ற்றில் இயங்குவதால் சிறு மின்கலமும் சூரியத் தகடும் கொண்டும் பலகையை நடத்தலாம்.

மூன்றாவது இணையம். கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021இல், பதுளை மாவட்டத்தின் ஒதுக்குப்புறக் கிராமமொன்றில் மாணவரும் ஆசிரியரும் சமிக்ஞை தேடிக் குன்றேறிய காட்சி உலகச் செய்தியாயிற்று. 2016இல் வெளியான மூன்றாம் பலகை முதல் கம்பியில்லா இணைப்பு உள்ளமைந்துள்ளது. அதனை அணுகுமுனையாக அமைத்து, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் பிரதியை நினைவட்டையில் வைத்தால், வகுப்பறையிலுள்ள கைப்பேசிகள் இணையமின்றியே அதனை வாசிக்கும். மலையேறிச் சமிக்ஞை தேடுவதற்கு மாறாக நூலகமே வகுப்பறைக்குள் இறங்கிவருகின்றது எனலாம்.

மழையை யார் வாசிப்பது?

எனினும் ஊவாவில் இக்கருவிக்கு இதனினும் பெரிய கடமையொன்று உண்டு. 2014 ஒக்தோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போதும் மண்சரிவால் பெரிதும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளை ஒன்றாயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவைக் கொண்டே எச்சரிக்கை வகுக்கின்றது: 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100ஐக் கடந்தால் எச்சரிக்கை, 150ஐக் கடந்தாலோ, ஒரு மணிநேரத்தில் 75ஐக் கடந்தாலோ வெளியேற்றம்.

இவ்வளவுகளை அறிவது சிறு பலகைக்கு எளிது. நீர் நிரம்பும்தோறும் சரியும் சிறு கலத்தைக் கொண்ட மழைமானி ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். பலகையின் ஊசிமுனைகளில் ஒன்று அதனைப் பெற, ஒரு சிறு நிரல் எண்ணிக் கூட்டும். எல்லை கடந்ததும் விளக்கேற்றலாம்; ஒலியெழுப்பலாம்; தமிழில் திரையிடலாம். துரையின் அலுவலகத்தை அடுத்து நின்ற அதே மழைமானி லயத்துக்கு வந்துசேர்வதே இங்கு நிகழக்கூடிய வரலாற்று மாற்றமாகும். எனினும் உயிரைக் காக்கவேண்டிய கருவி ஒற்றைப் பலகையை மட்டும் நம்பியிருத்தலாகாது. அது நிறுவனத்தின் எச்சரிக்கைக்குத் துணையேயன்றி மாற்றன்று.

ஆயினும் மிகைபடக் கூறுதல் வரலாற்றுக்கு அழகன்று. மீரியபெத்தை மக்கள் இடம்பெயர வேண்டுமென்னும் எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இல்லாமையைவிட, ஏகுதற்கு நிலமும் வீடும் இல்லாமையே அங்கு கொடிதாயிருந்தது. கணினி மழையை எண்ணும், காணி வழங்காது. விலையையும் எண்ணிப்பார்த்தல் தகும். 2022இன் நடுப்பகுதியில் டொலர் ஏறத்தாழ 360 ரூபாயாக இருந்தபொழுது 35 டொலர்ப் பலகையொன்று 12,600 ரூபாயாகும். 2021இல் விதிக்கப்பட்ட ஆயிரம் ரூபாய் நாட்கூலியில் அது ஏறக்குறையப் பதின்மூன்று நாள் உழைப்பு. எனவே தனியொரு குடும்பம் வாங்கும் பொருளாக அன்றி, பாடசாலையும் சனசமூக நிலையமும் கூட்டாக வைத்தாளும் பொருளாகவே அதனைக் கருதுதல் வேண்டும். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களின் தமிழ் மாணவரும் இங்கு ஆற்றக்கூடிய பணி பெரிது.

அப்பணி கணினிகளை நன்கொடையாக இறக்கிவைத்து மீளுதலன்று. நிறுவி முடிக்கப்பட்ட பெட்டி, பழுதுற்ற அன்றே மீண்டும் பிறர் கைக்குப் போய்விடும். நினைவட்டையை எழுதுவதிலிருந்து கடவுச்சொல்லை இடுவது வரை ஒவ்வொரு படியையும் தோட்டத்து மாணவர் தம் கையாற் செய்தல் வேண்டும். செய்முறை தமிழில் எழுதப்பட்டு அவர்களிடமே இருத்தல் வேண்டும். ஒருமுறை சிதைந்ததை மறுமுறை அவர்களே எழுப்பினால்தான் அக்கருவி அவர்களுடையதாகும். தராசும் செக்றோலும் மழைமானியும் இருந்த மண்ணில் இல்லாதிருந்தது கருவியன்று, கருவியின்மீதான உரிமையே. திறந்த உரிமம் அவ்வுரிமையை எழுத்தில் வழங்கியுள்ளது. எழுத்தில் உள்ளதை வாழ்வில் ஆக்கும் பொறுப்பு, கற்றோரைச் சார்ந்ததாகும்.