கதவு திறந்திருக்கட்டும்

பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தால், "வெளியே சொன்னால் மானம் போகும்" என்று நாம் வாயை மூடுகிறோம். மானம் கெட்டவன் கொடுமை செய்தவனே அன்றோ?

1985இல் பினாங்கு ஜார்ஜ் டவுனில் பெண்கள் நெருக்கடி மையம் தோன்றியது. பின்னாளில் அது மாற்றத்திற்கான பெண்கள் மையம் எனப் பெயர் பெற்றது. 1996இல் சுகாதார அமைச்சு, அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, போலீஸ் புகார், ஆலோசனை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வழி செய்தது.

மையத்தில் ஆலோசனை இலவசம், இரகசியம் காக்கப்படும். ஆனால் ஆலோசகருக்குச் சம்பளம் வேண்டும். நீதிமன்றத்துக்குத் துணை செல்லச் செலவு உண்டு. நன்கொடை ஓர் ஆண்டு வரும், மறு ஆண்டு குறையும். ஆகவேதான் அரசு மானியம் தேவை. அது பிச்சையன்று. நாம் சீவிய பால்மரமும் அரசுக்கு வரி தேடித் தந்ததே! தயங்காமல் அந்தக் கதவைத் தட்டுவோம்.