டோர்பெல்: ஒரு மலையூரின் பொது மேய்ச்சல் முறை

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், விஸ்ப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த டோர்பெல், நிலவுடைமை வரலாற்றில் தன் அளவுக்கு மிஞ்சிய இடத்தைப் பெற்ற சிற்றூராகும். இங்கே வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் உலர்புல் அறுக்கும் வெளிகளும் குடும்பங்களின் தனியுடைமையாக இருக்க, காடும், தரிசும், கோடையில் மாடு மேய்க்கும் ‘ஆல்ப்’ எனப்படும் உயர்மலைப் புல்வெளியும் நெடுங்காலமாக ஊர்ப்பொதுவாகவே இருந்துவந்துள்ளன.

இப்பொது நிலங்களை முறைப்படுத்துவதற்கென ஊரார் 1483 பிப்ரவரி 1 அன்று ஒரு சங்கத்தை நிறுவி, அதன் விதிகளுக்குக் கையொப்பமிட்டனர். வெளியூரார் டோர்பெலில் நிலம் வாங்கினாலும் பொதுப் புல்வெளியில் அவருக்குப் பங்கில்லை என்ற கடுமையான விதியும் அவற்றுள் ஒன்று. ஆயினும் 1517ஆம் ஆண்டு ஆவணத்தில் காணப்படும் விதியே இம்முறையின் உயிர்நாடி எனலாம்: குளிர்காலம் முழுவதும் தீனியிட்டுக் காப்பாற்றக்கூடிய மாடுகளுக்கு மேல் எவரும் ஆல்ப்புக்கு ஓட்டிச்செல்லலாகாது. பனி மூடிய மாதங்களில் மாடுகள் கொட்டிலில் அடைபட்டு, சொந்த நிலத்தில் அறுத்த உலர்புல்லையே நம்பியிருந்தமையால், ஒருவரது பொது உரிமைக்கு அவருடைய உழைப்பும் நிலமுமே வரம்பு கட்டின. வசந்தத்தில் வெளிமாடுகளை வாங்கி மேயவிட்டு இலாபம் பார்க்கும் வழியும் அடைபட்டது. விதியை மீறியவருக்குத் தண்டம் விதித்த ஊர் அலுவலர், அதில் பாதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால், கண்காணிப்பும் தளரவில்லை. ஆல்ப்புக்கு ஏறும் நாளில் எடுக்கப்பட்ட மாட்டுக் கணக்கே, பருவ இறுதியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய பாலாடைக்கட்டியின் பங்கையும் தீர்மானித்தது.

விறகுப் பங்கீட்டில் காட்டிய நேர்த்தியும் குறைந்ததன்று. வெட்டத்தகுந்த மரங்களை அலுவலர் அடையாளமிட, உரிமையுள்ள குடும்பங்கள் குழுக்களாகப் பிரிந்து அவற்றை வெட்டி இழுத்துவந்து ஏறத்தாழச் சமமான அடுக்குகளாகக் குவித்தன. எந்த அடுக்கு எவருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்தமையால், எல்லா அடுக்குகளையும் ஒரே அளவாக அமைப்பதில் ஒவ்வொருவருக்கும் அக்கறை இருந்தது.

பொதுச்சொத்து பேராசையால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968இல் வாதிட்டார். ஆனால் மானிடவியலாளர் ராபர்ட் நெட்டிங் இவ்வூரில் தங்கி ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட நூலும், அதைத் தம் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டு எலினோர் ஆஸ்ட்ரோம் 1990இல் எழுதிய நூலும் அவ்வாதத்தின் எல்லையைக் காட்டின. பொதுவளங்களின் நிர்வாகம் குறித்த ஆய்வுக்காக ஆஸ்ட்ரோம் 2009இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.