50 மி.மீ லென்ஸ் 80 ஆவது எப்படி? கேமரா வாங்கும் முன் ஒரு குட்டிக் கணக்கு!

செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர் வாங்கக் கிளம்பிட்டீங்களா? லென்ஸில் இருக்கும் மி.மீ எண்ணை மட்டும் நம்பிக் காசை எண்ணி வச்சுடாதீங்க.

அந்த எண்தான் குவியத் தூரம். எந்த கேமராவில் மாட்டினாலும் அது மாறாது. மாறுவது சென்சார் அளவு. ஃபுல் ஃப்ரேம் சென்சார், பழைய ஃபிலிம் அளவான 36×24 மி.மீ. பட்ஜெட் டி.எஸ்.எல்.ஆர்களில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி சென்சார் அதைவிடச் சின்னது. அதனால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். எவ்வளவு வெட்டுது என்பதைச் சொல்வதே கிராப் ஃபேக்டர்.

* நிக்கான், சோனி ஏ.பி.எஸ்-சி: 1.5
* கேனான் ஏ.பி.எஸ்-சி: 1.6
* மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 2

இதனால் பெருக்கினால் சமமான குவியத் தூரம் கிடைக்கும். கேனானில் 50×1.6=80. அதாவது, ஃபுல் ஃப்ரேமில் 80 மி.மீ லென்ஸ் காட்டும் பரப்புதான் தெரியும். ஏ.பி.எஸ்-சிக்கென்றே செய்த லென்ஸுக்கும் இதே கணக்குதான்.

ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் பறவைகளை எடுக்க இது லாபம்: 300 மி.மீ லென்ஸ் 480-க்குச் சமம். அதே கேமராவில் 50 மி.மீ லென்ஸோடு அம்பத்தூர் ஃபிளாட் ஹாலில் வளைகாப்பு எடுத்தால், எல்லாரும் ஃப்ரேமுக்குள் வருவதற்குள் உங்க முதுகு சுவரில் முட்டும். அங்கே 18-55 கிட் லென்ஸே கைகொடுக்கும். அதன் 18, கிட்டத்தட்ட 29-க்குச் சமம்.

போன் விளம்பரத்தில் வரும் '24 மி.மீ'யும் இந்தச் சமக் கணக்குதான். நிஜக் குவியத் தூரம் ஒற்றை இலக்க மி.மீதான்!

ஆக, கடையில் முதலில் சென்சாரைக் கேளுங்க, லென்ஸ் அப்புறம்.