நாணயத்தில் ஏறிய டர்னிப்

மொசார்ட் பிறந்த சால்ஸ்பர்க், 1803 வரை புனித ரோமானியப் பேரரசுக்கு உட்பட்ட தனி அரசாக இருந்தது. அதை ஆண்டவர் பேராயர். பூசை செய்தவரே வரி போட்டார், தீர்ப்புச் சொன்னார், காசும் அடித்தார். நாணய உரிமையைப் பேரரசர் மூன்றாம் ஓட்டோ 996ஆம் ஆண்டிலேயே கொடுத்துவிட்டார்.

1495இல் பேராயர் பதவிக்கு வந்தவர் லியோன்ஹார்ட் ஃபொன் கொய்ட்சாக். வரவு செலவில் படு கறார். காஸ்டைன், ரௌரிஸ் சுரங்கங்களிலிருந்து தங்கமும் வெள்ளியும் வந்துகொண்டிருந்தன. 1504இல் அவர் வெளியிட்ட பெரிய வெள்ளி நாணயம்தான் நம் கதாநாயகன். சால்ஸ்பர்க்கின் சின்னத்தோடு அவருடைய குடும்பச் சின்னமும் அதில் உண்டு: இலையோடு கூடிய ஒரு டர்னிப் கிழங்கு! 'ரூபன்டாலர்', அதாவது டர்னிப் டாலர் என்று பிற்காலத்தவர் பெயர் வைத்தார்கள்.

ஊதாரியாகத் திரிந்த இளம் லியோன்ஹார்டின் தலையில் சிற்றப்பா டர்னிப்பை விட்டெறிந்தார், அன்றே அவர் திருந்தினார் என்று சால்ஸ்பர்க்கில் ஒரு கதை சொல்வார்கள். நான் நம்பவில்லை. கரிந்தியா பகுதியைச் சேர்ந்த அந்தக் குடும்பத்தின் கேடயத்திலேயே டர்னிப் இருந்தது. மலைமேல் உள்ள ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையை விரிவாக்கியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் அதைப் பொறித்து வைத்தார். கட்டியவன் யார் என்பது யாருக்கும் மறக்கக் கூடாதல்லவா!

அந்த அதிகாரத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். 1498இல் யூதர்களை ஊரைவிட்டே துரத்தினார். 1511 ஜனவரியில் மேயரையும் நகர்மன்ற உறுப்பினர்களையும் விருந்துக்கு அழைத்தார். வந்தவர்களைக் கைது செய்து, கொட்டும் பனிக்குளிரில் சறுக்குவண்டிகளில் கட்டி, மலைகளுக்கு அப்பால் உள்ள ராட்ஸ்டாட்டுக்கு அனுப்பினார். 1481இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் நகரத்துக்குக் கொடுத்திருந்த உரிமைகளை அவர்கள் விட்டுக்கொடுத்த பிறகுதான் விஷயம் முடிந்தது.

மீண்டும் நாணயத்துக்கு வருவோம். இத்தகைய கனத்த வெள்ளிக் காசுக்கு வழிகாட்டியது பக்கத்து நாடான டிரோல். குல்டன் என்ற தங்க நாணயத்துக்கு ஈடான வெள்ளி நாணயத்தை 1486இலேயே அங்கே அடித்துவிட்டார்கள். டாலர் என்ற பெயருக்கே காரணமான யோகிம்ஸ்டால் நாணயம் வர, ரூபன்டாலருக்குப் பிறகு இன்னும் சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆயிற்று.

ரூபன்டாலர் இன்று மிக அரிது. சால்ஸ்பர்க் போகிறவர்கள் கோட்டைச் சுவர்களை நிதானமாகப் பாருங்கள். நாணயத்தில் ஏறிய அதே டர்னிப்பை அங்கே கட்டணம் கொடுத்த எவரும் பார்க்கலாம்.