கண்டி உணவகக் கம்பனிகளின் ஐந்தொகையில் நியாயப் பெறுமதி

அளவீட்டுத் திகதியில், சந்தையில் பங்குகொள்வோரிடையே ஒழுங்காக நடைபெறும் கொடுக்கல் வாங்கலில் ஒரு சொத்தை விற்றால் கிடைக்கும் விலை, அல்லது ஒரு பொறுப்பைக் கைமாற்றினால் செலுத்த வேண்டிய விலை, நியாயப் பெறுமதி எனப்படும். இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 13 தரும் இவ்வரைவிலக்கணம் 2014 ஜனவரி 1 முதல் நாட்டில் நடைமுறையில் உள்ளது. எதனை நியாயப் பெறுமதியில் அளப்பது என்பதைப் பிற நியமங்கள் தீர்மானிக்கின்றன. எப்படி அளப்பது என்பதையே நியமம் 13 கூறுகிறது. கண்டி நகரில் சொந்த நிலத்தில் இயங்கும் உணவகக் கம்பனியைப் பொறுத்தவரை நியாயப் பெறுமதியின் பயன்பாடு பெரிதும் நிலம், கட்டடம் என்ற இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. அவ்விரண்டையும் வெவ்வேறு எடுகோள்களின் மீது மதிப்பிட்டுக் கூட்டினால் எந்தக் கொள்வனவாளரும் தராத ஒரு தொகை ஐந்தொகையில் ஏறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நியாயப் பெறுமதியின் எல்லை

உணவகத்தின் அன்றாடச் சொத்துக்களில் பெரும்பாலானவை நியாயப் பெறுமதிக்கு வெளியே நிற்கின்றன. அரிசி, தேங்காயெண்ணெய், கோழியிறைச்சி, சரக்குத்தூள் ஆகிய இருப்புகள் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இன்படி கிரயம், தேறிய தேறக்கூடிய பெறுமதி ஆகியவற்றுள் குறைந்ததில் காட்டப்படும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8% ஐத் தொட்டபோதும், பழைய விலைக்கு வாங்கிக் களஞ்சியத்தில் கிடந்த அரிசி மூடையின் ஏட்டுப் பெறுமதி உயரவில்லை. வாடிக்கையாளர் பல தலைமுறைகளாக நம்பிவரும் கடைப்பெயரும் அப்படியே. கம்பனி தானே உருவாக்கிய வணிகப்பெயரைச் சொத்தாகப் பதியக் கணக்கீட்டு நியமம் 38 இடமளிப்பதில்லை. அதே கடையை இன்னொரு கம்பனி வாங்கினால், வாங்கியவரின் ஏட்டில் அப்பெயர் நியாயப் பெறுமதியில் இடம்பெறும். குத்தகைக்கு எடுத்த கடையறை, 2019 முதல் நடைமுறையிலுள்ள நிதி அறிக்கையிடல் நியமம் 16 இன்கீழ், எதிர்காலக் குத்தகைக் கொடுப்பனவுகளின் இன்றைய பெறுமதியை அடிப்படையாகக் கொண்டு பதியப்படுகிறது.

எஞ்சுவது சொந்த நிலமும் கட்டடமும். கணக்கீட்டு நியமம் 16 இங்கு கிரய முறை, மீள்மதிப்பீட்டு முறை என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய விடுகிறது. இரண்டாவதைத் தெரிவுசெய்தால், பெறுமதி உயர்வால் எழும் மிகை ஏனைய முற்றடக்க வருமானமாகி மீள்மதிப்பீட்டு ஒதுக்கத்தில் சேரும். கட்டடத்தின் பெறுமானத் தேய்வு கூடி வருடாந்த இலாபம் குறையும்.

மிக உயர்ந்த சிறந்த பயன்பாடு

நிதிசாராச் சொத்தை, அதனை மிக உயர்வாகவும் சிறப்பாகவும் பயன்படுத்தக்கூடிய வழியை எடுகோளாகக் கொண்டே மதிப்பிட வேண்டும். அவ்வழி பௌதிக ரீதியில் இயலக்கூடியதாகவும், சட்டம் அனுமதிப்பதாகவும், நிதி ரீதியில் பலன் தருவதாகவும் இருக்க வேண்டும். கண்டியில் இரண்டாவது நிபந்தனையே தீர்க்கமானது. புனித நகர் கண்டி 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தலதா மாளிகையையும் வாவியையும் சூழ்ந்த பகுதியில் பழைய கட்டடத்தை இடிப்பதும் மாடிகளை உயர்த்துவதும் உரிமையாளரின் விருப்பத்துக்கு மட்டும் உட்பட்டவை அல்ல. குயின்ஸ் ஹோட்டல், ஹோட்டல் சுவிஸ் போன்ற பழைய கட்டடங்களை வைத்திருக்கும் கண்டி ஹோட்டல்ஸ் கம்பனி (1938) கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இத்தகைய கம்பனிகளின் பங்குதாரருக்கு இச்சட்டக் கட்டுப்பாடு ஏட்டளவான கேள்வியல்ல.

ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். பழைய நகரில் 30 பேர்ச்சஸ் காணியில் ஓர் உணவகம் உள்ளது. கட்டுப்பாடற்ற வெற்றுக் காணியின் விலையாகப் பேர்ச்சஸ் ஒன்றுக்கு 12 மில்லியன் ரூபா எடுத்தால் நிலம் 360 மில்லியன். கட்டடத்தின் தேய்வு கழித்த மாற்றீட்டுக் கிரயம் 45 மில்லியன். கூட்டுத்தொகை 405 மில்லியன். ஆனால் வெற்றுக் காணி விலையைத் தருபவர் இடித்துப் புதிதாகக் கட்டும் எண்ணத்தோடே தருகிறார். அவருக்குப் பழைய கட்டடத்தால் பயனில்லை, இடிப்புச் செலவே மிச்சம். இடிக்க முடியாது என்றால் 12 மில்லியன் என்ற விலையே பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டு, அவ்விடம் ஈட்டக்கூடிய தேறிய வருடாந்த வாடகை 28 மில்லியன் என்றும் சந்தை விளைவு 9% என்றும் எடுத்தால் பெறுமதி ஏறத்தாழ 311 மில்லியன். வேறுபாடான 94 மில்லியன் ஒன்றையொன்று மறுக்கும் இரு எடுகோள்களைக் கூட்டியதால் பிறந்த தொகை.

மாறாக, இடத்தோடு ஒட்டிய நன்மைகளை விட்டுவிடவும் கூடாது. எசல பெரஹராவின் பத்து இரவுகளில் தலதா வீதியைப் பார்த்த மேல்மாடி ஜன்னலோர ஆசனம் தனி விலைக்குப் போகிறது. கட்டடத்தை யார் வாங்கினாலும் அந்த வருமானம் அவருக்கே சேரும். ஆகவே அது சொத்தின் இயல்பு, நியாயப் பெறுமதியில் அடங்கும். தலைமைச் சமையற்காரரின் கைப்பக்குவம் அவரோடு போய்விடும், அது அடங்காது.

சான்றின் தரம்

நியமம் 13 உள்ளீடுகளை மூன்று மட்டங்களாக வகுக்கிறது: அதே சொத்தின் செயற்படு சந்தை விலை, அவதானிக்கத்தக்க பிற தரவு, அவதானிக்க முடியாத தரவு. பழைய நகரின் மத்தியில் காணிகள் அரிதாகவே கைமாறுகின்றன. கட்டுகஸ்தோட்டையிலோ பேராதனை வீதியிலோ நடந்த விற்பனையைக் கொண்டுவந்து சீராக்க வேண்டியிருக்கும். சீராக்கம் கணிசமானதாகும்போது அளவீடு மூன்றாம் மட்டத்துக்கு இறங்கும். அப்போது பேர்ச்சஸ் விலையின் வீச்சு, விளைவு வீதம், அவை மாறினால் பெறுமதி எத்திசையில் மாறும் என்பன வெளிப்படுத்தப்பட வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் விளைவு 9% இலிருந்து 12% ஆனால் 311 மில்லியன் 233 மில்லியனாகிறது.

நெருக்கடிக் காலம் இதனைச் சோதித்தது. 2018 இல் 23 இலட்சத்தைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகளின் வருகை, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்கும் கொரோனாவுக்கும் பின் 2021 இல் இரண்டு இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. விற்பனைகள் அருகிப்போனதால் மட்டும் நடந்த விலைகளை ஒதுக்கிவிட முடியாது. விற்றவர் நிர்ப்பந்தத்தில் விற்றாரா, சந்தையில் விளம்பரப்படுத்தப் போதிய அவகாசம் இருந்ததா என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பெறுமான இழப்புச் சோதனையில், பயன்பாட்டுப் பெறுமதி, விற்பனைச் செலவு கழித்த நியாயப் பெறுமதி ஆகிய இரண்டில் உயர்ந்ததே அறவிடத்தக்க தொகை. நிலம் மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தால், நட்டத்தில் ஓடும் சமையலறையின் இழப்பு அதன் பின்னால் மறைந்துவிடும்.

பொறுப்புப் பக்கம்

வங்கிக் கடன் வழமையாகப் பயனுறு வட்டி முறையில், கடன்தீர்த்த கிரயத்தில் காட்டப்படும். நியாயப் பெறுமதி குறிப்பில் மட்டும் இடம்பெறும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, முன்னர் நிலையான வட்டிக்குப் பெற்ற கடன்களின் நியாயப் பெறுமதி வீழ்ந்தது. அக்கடனைக் குறைந்த தொகைக்குத் தீர்க்கக் கம்பனிக்கு வழி இல்லாவிட்டால் அந்த வீழ்ச்சி கைக்கு வரும் இலாபமல்ல. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பணிக்கொடைப் பொறுப்பு நியாயப் பெறுமதியில் அளக்கப்படுவதில்லை. கணக்கீட்டு நியமம் 19 இன்படி இன்றைய பெறுமதிக்குக் கழிவு செய்யப்பட்ட தொகையே அது.

மீள்மதிப்பீட்டோடு நேரடியாக ஏறும் பொறுப்பு பிற்போடப்பட்ட வரி. ஏட்டுப் பெறுமதி வரி அடிப்படையை விட 200 மில்லியன் கூடினால், 30% வீதத்தில் 60 மில்லியன் பொறுப்பாகும். உரிமையாண்மையில் சேர்வது 140 மில்லியன் மட்டுமே. சுற்றுலாத்துறைக்குரிய 14% சலுகை வீதத்தில் இதனைக் கணித்திருந்த கம்பனிக்கு, 2022 ஒக்டோபரில் வீதம் 30% ஆனதும், ஒரு பேர்ச்சஸும் விற்காமலே 28 மில்லியனாக இருந்த பொறுப்பு இரு மடங்குக்கு மேலானது.

ஆகவே கண்டி உணவகக் கம்பனியின் மீள்மதிப்பீட்டுக் குறிப்பு மூன்று விடயங்களைக் கூற வேண்டும்: நிலமும் கட்டடமும் ஒரே பயன்பாட்டு எடுகோளில் அளக்கப்பட்டனவா, மரபுரிமைக் கட்டுப்பாடு விலையில் எவ்வளவு கழிக்கப்பட்டது, மிகையில் வரி போக எஞ்சியது எவ்வளவு. இவற்றுள் முதலாவது பிழைத்தால் மற்ற இரண்டும் சரியாக வரா.